ஐந்தடி

சுங்கை கெலாடி ஸ்டேஷன் மாடியில்
பதினான்கு அறை ஓட்டல்.
கீழே பிளாட்பாரம், மேலே படுக்கை.
துரைமார் ரயிலை விட்டிறங்கி
தொப்பி நனையாமல் விஸ்கிக்குப் போக
எவனோ மூளையைக் கசக்கியிருக்கிறான்.

குதிரைலாட வளைவுகள்,
வெங்காயக் கும்மட்டம் இரண்டு.
பால்மரக் காட்டுக்குள்
பாலைவன அரண்மனை வேஷம்.
இப்போது சுற்றிலும் செம்பனை,
கும்மட்டத்தில் எலி பிடிக்கும் ஆந்தை,
புதுக் கம்பிச்சடக்கு
அரை மைல் தள்ளிப் போகிறது.

வாங்கியவர் அளவெடுக்கச் சொன்னார்.
நானும் ஹஃபிஸும் போனோம்.

வெளியே நூற்றுப் பன்னிரண்டு அடி.
உள்ளே அறை, சுவர், அறை, சுவர் என்று கூட்டினால்
நூற்றேழு.
மூன்று தரம் கூட்டிவிட்டு
கோப்பி ஓ குடித்துவிட்டு
நான்காம் தரம்.
ஐந்தடியைக் கட்டடம் விழுங்கியிருந்தது.

பழைய வரைபடத்தில்
ஏழடி அகலத் தேக்குப் படி இருக்கிறது,
கைப்பிடியின் பூ வரைக்கும்.
வேறு படி இல்லை.

ஒன்பதாம் அறை அலமாரியின் முதுகைத் தட்டினேன்.
காலிப் பானையின் குரல்.

பலகையைப் பெயர்த்தோம்.
இரும்புச் சுழற்படி;
ஒருவர் ஏறினால்
மற்றவர் சுவரில் பல்லியாக வேண்டும்.
காலையில் அழுக்கோடு இறங்கி
மாலையில் கஞ்சி மொடமொடக்க ஏறிய மூட்டைகள்
உரசி உரசி
தோளுயரத்தில் மட்டும் சுவருக்குப் பளபளப்பு.

கரிக்கட்டியில் கணக்கு:

விரிப்பு ௨௮
உறை ௫௬
கறை ௩

அறைக்கு இரண்டு. அன்று எல்லா அறையும் நிறைந்திருக்கிறது.
கீழே, சாய்ந்த எழுத்தில்:
‘திரும்புனது ௨௭. ஒன்னு கொறைவு.
சம்பளத்துல புடிச்சாச்சி. சடையன்.’

ஹஃபிஸ் லேசரைத் தூக்கினான்.
சிவப்புப் புள்ளி ௭-இன் மேல் நடுங்கியது.
என்ன எழுத்து என்றான்.
தமிழ்ப்பள்ளியில் படித்த நானே
௫-இல் கொஞ்சம் தடுக்கி விழுந்துதான்
சொன்னேன்.

அந்த ஒன்று
எந்த லயத்தில் ஏணையாகத் தொங்கியதோ,
யார் மேல் கடைசியாய் விரிந்ததோ,
இல்லை, சும்மா
ஆற்றோடு போனதோ.

வாங்கியவருக்குப் போன் செய்தேன்.
‘ரகசியப் படியா! அருமை’ என்றார்,
‘வைன் அடுக்கலாம்.’

படிவத்தில் கேட்டிருந்தார்கள்:
இடத்தின் பெயர், பயன்பாடு.
பயன்பாட்டைக் காலியாய் விட்டேன்.
பெயர் எழுதினேன்: சடையன் படி.

நூற்றேழும் ஐந்தும் நூற்றுப் பன்னிரண்டு.
என் கணக்கு நேராகிவிட்டது.
அவனுடையதில்தான் இன்னும்
ஒன்று இடிக்கிறது.