நான்கு நாள்

பணகுடிக்கு மேற்கே ஆடிக்காற்று
காற்றாடிகளைப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்த மத்தியானம்
கடிதம் வந்தது.
திரும்ப அழைக்கிறார்களாம்.

நாற்பத்தொரு மாதமாகக் காற்றாலைக் கம்பெனியில்
ஷிப்ட் பார்க்கிறேன்.
மணிக்கொரு தரம் காற்றின் வேகத்தை நோட்டில் எழுதவேண்டும்.
கை பழக்கத்தில் நாட் என்று எழுதும்,
அடித்துவிட்டு மீட்டரில் எழுதுவேன்.
"இங்க றெக்கைதான் சுத்தும் அண்ணாச்சி,
நாம தரையிலதான் நிக்கணும்" என்பான் சுடலைமுத்து.

கடிதம் இரண்டு பக்கம். பட்டியல் முப்பத்தொரு பக்கம்.
இரண்டு கம்பெனியும் ஒன்றாகிவிட்டன.
பெயர் அவர்களுடையது, கடன் எங்களுடையது.
பழைய பட்டியலில் நான் அறுநூற்றுப் பதினான்கு,
புதியதில் ஆயிரத்து நூற்று எழுபத்து மூன்று.
வீட்டில் இருந்த மாதங்களைக் கழித்துவிட்டார்கள்,
நெல்லில் ஈரத்துக்குக் கழிவு போடுவதுபோல.

எனக்கு மேலே இப்போது
நான் முதல் யூனிபார்ம் தைத்த வருஷம்
ஒன்பதாம் வகுப்பில் இருந்த பையன்கள்.
அவர்கள்மேல் கோபமில்லை.
அவர்கள் சேர்ந்த தேதிகளை
இரவு மூன்று மணிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்,
அவ்வளவுதான்.

மாமனாருக்குக் கன்னடியன் காலில் கடைமடை வயல்.
பட்டியலைக் கண்ணாடி போட்டுப் புரட்டிவிட்டுக்
கேட்டது ஒன்றே ஒன்று:
"உமக்கு மேல எத்தன மடை?"

தொள்ளாயிரத்து ஆறில் கேப்டன் வானமாமலை.
இறந்து பதினாலு மாதம்.
நாங்குனேரியில் தூக்கிப்போன நாலு பேரில் நானும் ஒருவன்.
யாரும் பெயரை எடுக்கவில்லை.
எடுத்தால் எனக்கு ஒரு படி
என்று கணக்கு ஓடியது.
எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.
ஷீபா விளக்கைப் போட்டு என்னவென்றாள்.
கொசு என்றேன்.

முப்பிடாதி மறுநாள் போன் செய்தாள்.
புளியங்குடி எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதுகிறாள்.
பின்னால் ஏலச்சத்தம்.
"லெட்டர் வந்துட்டா?"
"வந்துட்டு."
"சந்தோசம்."
அதற்கப்புறம் மூட்டை நாலாயிரத்து நூறு, நாலாயிரத்து இருநூறு
என்று யாரோ கத்தியதைத்தான்
இரண்டுபேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அவள் ஆயிரத்து நூற்று எழுபத்து நான்கு.
முதல் அழைப்பு என்னோடு நிற்கிறது.
ஒரே வகுப்பு, ஒரே சிமுலேட்டர்,
இருட்டில் எதிர்க்காற்றில் இறக்குவதில்
என்னைவிட அவள் கை சுத்தம்.
அப்பாவின் பதினாறுக்காக
நாலு நாள் தள்ளி வேலையில் சேர்ந்தாள்.
அந்த நாலு நாள்தான் நான் சீனியர்.

படிவத்தில் இரண்டு கட்டம்.
ஏற்கிறேன். ஒத்திவைக்கிறேன்.
ஒத்திவைத்தால் சீனியாரிட்டி பாதிக்காது என்று சின்ன எழுத்து.
இப்போதைக்கு என்று அதைவிடச் சின்ன எழுத்து.
பத்து நாள் கெடு.
ஷீபா எதுவும் சொல்லவில்லை.
மகளின் பள்ளிக்கூட ரசீதை மட்டும்
படிவத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்பதாம் நாள் ஏற்கிறேன் என்று குறியிட்டேன்.
பெரிய மனசு எனக்கில்லை.
ஆனால் கீழே ஒரு வரி எழுதினேன்:
தொள்ளாயிரத்து ஆறு காலமாகிவிட்டார்,
பட்டியலைத் திருத்தவும்.
திருத்தினால் நான் எழுபத்திரண்டு,
அவள் எழுபத்து மூன்று.
யாருக்காக எழுதினேன் என்று கேட்டால்
சத்தியம் பண்ண மாட்டேன்.

சான்று இணைக்கவேண்டும் என்று பதில் வந்தது.

கேப்டன் வீட்டுக்குப் போனேன்.
இறப்புச் சான்றிதழை அந்த அம்மா
பிளாஸ்டிக் உறையோடு கொடுத்தார்கள்.
எதற்கென்று சொன்னேன்.
பாதியில் என் குரல் இறங்கிவிட்டது.
கேட்டுக்கொண்டிருந்தவர்கள்
அவருக்கு எத்தனையாம் நம்பர் வந்திருக்கு என்றார்கள்.
சொன்னேன்.
"ஆயிரத்துக்குள்ளயா? பரவாயில்லையே" என்று
சுவரில் இருந்த தொப்பிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னும் திருத்தம் வரவில்லை.
எலுமிச்சை விலை இறங்கியிருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தது.
இன்றைக்குக் காற்று இருபத்தெட்டு நாட்.
அடிக்காமல் விட்டிருக்கிறேன்.