ஐம்பதடிக் குழாய்

நானூறு குதிரை என்று சொல்லித்தான் விற்றார்கள்.
சில்வர்டனில் நூற்றிருபது
லாயத்தை விட்டு வெளியே வருவதேயில்லை.
ஒன்பதாயிரத்து முந்நூறு அடி உயரம்.
காற்று இங்கே ரேஷன்.
பிக்கப்புக்கும் அளந்துதான்,
ஹாலிஸுக்கும் அளந்துதான்.

கீழே போய்விடுங்கள் என்றார் டாக்டர்.
இந்த ஊரிலிருந்து கீழே போக
முதலில் மேலே ஏற வேண்டும்.
வடக்கே போனாலும் அப்படித்தான்.
தெற்கே இரண்டு கணவாய்;
பத்தொன்பது குளிர்காலம்
அந்தச் சாலையில் பனி தள்ளியவள் நான்.
டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு மோலாஸ் ஏறினால்
இருபத்தைந்து மைல் வேகம்,
அபாய விளக்கு கண்ணடிக்க, பின்னால் கார்களின் ஊர்வலம்.
பத்தாயிரம் அடிக்கு மேலேயே முப்பத்தெட்டு நிமிடம்.
முப்பத்தெட்டை ஹாலிஸின் விரல்நுனியில் மாட்டிய
சின்ன மீட்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

டீசல் வண்டி வாங்கேன் என்றார்கள் இரும்புக் கடையில்.
கடன் முடிந்த வண்டி இது என்றேன்.
கடன் முடிந்ததைக் கைவிடுகிறவள் இல்லை நான்.

டெல்ஃபினோ ஃபார்மிங்டனிலிருந்து பெட்டியோடு வந்தான்.
சூப்பர்சார்ஜர். ஊரின் உயரம் எத்தனை அடியோ
கிட்டத்தட்ட அத்தனை டாலர்.
அலுமினியக் கூட்டுக்குள் முறுக்கிய உருளைகள் இரண்டு,
தழுவப் போவதுபோல் நெருங்கி
தொடாமலே சுற்றும்.
நாற்பது வருஷத் தம்பதி மாதிரி என்றான்.
அவனுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை.

பழைய இன்டேக்கைக் கழற்றினோம்.
திறந்த துவாரங்களில் கந்தல் துணி அடைத்தோம்,
ஒரு நட்டு உள்ளே விழுந்தால் போச்சு எல்லாம்.
நீளமான புது பெல்ட். பெரிய இன்ஜெக்டர்கள்.
கிரில்லுக்குப் பின்னால் இன்னொரு ரேடியேட்டர்,
அமுக்கிய காற்று சூடாகிவிடுமாம், ஆற்ற வேண்டுமாம்.

ஹாலிஸின் ஆக்சிஜன் குழாய் ஐம்பதடி.
கூடத்து மெஷினிலிருந்து சமையலறை தாண்டி
படி இறங்கி ஷெட்டின் வாசல்வரை வரும்.
அதற்குமேல் ஓர் அங்குலம் வராது.
வாசலில் நாற்காலி போட்டு
கையேட்டைச் சத்தமாக வாசித்தான்.
வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு, சிலதுக்கு மூன்று.
சுரங்கத்தில் அவனுக்கு வேலை காற்றாடிகளைப் பார்ப்பது.
எண்ணூறு அடி கீழே எல்லோருக்கும் காற்று அனுப்பியவன்.
"நடுவிலிருந்து... வெளிப்பக்கமா முறுக்கு.
நாலாவது போல்ட்டை... விட்டுட்டே."
விட்டுத்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சாவியைத் திருப்பினேன்.
பானட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய சீழ்க்கை.
ஹாலிஸ் தலையைச் சாய்த்துக் கேட்டான்.
"என் மெஷினுக்குத் தங்கச்சி" என்றான்.

எண்பத்தைந்து பெட்ரோலில் ஓடிய வண்டி
இப்போது தொண்ணூற்றொன்றுதான் குடிக்கும்.
சரி, குடிக்கட்டும்.

அக்டோபர் ஏழு. கட்டில், ஃப்ரீசர், வெல்டிங் மெஷின்,
பூனை எங்கள் நடுவில்.
மோலாஸ் வளைவுகளில் நாற்பத்தைந்துக்குக் குறையவில்லை.
கண்ணாடியில் பின்னால் யாருமில்லை.
ஊரைத் திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன்;
அவன் பூஸ்ட் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஆறு. ஏழு. ஆறு.
இருபத்தொரு நிமிடம்.

கோல் பேங்க் தாண்டியதும் இறக்கம்.
இறக்கத்துக்கு அந்தத் தங்கச்சி ஒன்றும் செய்யமாட்டாள்.
அதே பிரேக், அதே கியர்,
பனிவண்டியில் தேய்ந்த என் வலது கால்.
இதை யாரும் பெட்டியில் போட்டு விற்பதில்லை.
டிரெய்லர் முதுகைத் தள்ளத் தள்ள
மூன்றாம் கியரில் உறுமிக்கொண்டே வந்தோம்.
பூனை மட்டும் தூங்கிற்று.

ஃபார்மிங்டன், ஐயாயிரத்து நானூறு அடி.
பெட்ரோல் பங்கில் இறங்கி
தோளில் சிலிண்டர் பையோடு உள்ளே போனான்,
இரண்டு காபியோடு திரும்பினான், நடுவில் நிற்காமல்.
"காத்து இந்த ஊர்ல சும்மாவே இவ்வளவு கிடைக்குதே,
அந்த ஒன்பதாயிரம் டாலர் சாமானை இனிமே என்ன பண்றது?"

மூன்று மூச்சுக்கான வாக்கியம்.
எண்ணிக்கொண்டுதான் நின்றேன்,
கையில் பெட்ரோல் குழாயோடு.
ஒன்று.