நான்காவது இருக்கை

கோலாரிலிருந்து மூன்று பேர்.
காலையில் அணை.
மதகு திறக்கவில்லை, பத்தே நிமிடம்.
பிறகு கோட்டை மலை.
பாதிப் படியில் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்க
மீதியை செல்போனில் இழுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.
"இன்னும் எத்தனை பாயின்ட் பாக்கி டிரைவர்?"
"ஒண்ணுதான் சார், அவதானப்பட்டி ஏரி."

அன்னப் படகுக்கு நாலு பேர் வேண்டும்,
இல்லையென்றால் சாயும் என்றான்
டிக்கெட் கிழிக்கும் பரசுராமன்.
பதினோரு வருடமாய் இந்தக் கரையில்
வண்டி துடைத்துக்கொண்டு நிற்கிறவன் நான்.
எடைக்காக ஏறினேன்.

பெடலுக்குப் பக்கத்தில் பிரேக் இல்லை.
கால் அதைத் தேடிக்கொண்டே இருந்தது.

நடு ஏரியில் சின்னவள் கத்தினாள்:
"அங்கிள், மலை தண்ணிக்குள்ள நடுங்குது!"

சவாரிதோறும் விரல் நீட்டிக் காட்டிய மலைதான்.
என் பக்கக் கண்ணாடியில்
எப்போதும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்.
இங்கே
எங்கேயும் போகாமல்
என் முழங்காலுக்குக் கீழே
தலைகீழாய் நின்றது,
ஒரு மீன்கொத்தி கிழித்துவிட்டுப் போகும்வரை.

பரசுராமன் விசில் ஊதினான்.
யாரும் உடனே மிதிக்கவில்லை.

மாங்கூழ்ப் புட்டி இரண்டு வாங்கிக்கொண்டு
சந்தூர் சாலை முக்கில் கணக்குக் கேட்டார்.
கிலோமீட்டர், டோல், காலை டீ,
எல்லாம் எழுதினேன்.
வெயிட்டிங்கில் மட்டும்
அந்த அரைமணியை விட்டுவிட்டேன்.