சார்ஜ் ஏறும் வரை

வண்டியின் பக்கவாட்டில் நீல எழுத்தில்
'இளையோர் மனநல சேவை',
கதவில் சின்னதாக
'எல்லோருக்கும் இடம் உண்டு'.
செல்லூர் அறுபதடி ரோட்டில்
முதல் மூன்று வியாழக்கிழமையும் சேர்த்து
வந்தது இரண்டே பேர்.
ஒருவர் சர்க்கரை பார்ப்பீர்களா என்றார்.
மற்றவர் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னார்.
மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம்,
வாசலில் இந்த எழுத்து நிற்கக் கூடாதாம்.

நான்காம் வாரம் டிரைவர் சிக்கந்தர்
யாரையும் கேட்காமல்
பேட்டரியிலிருந்து வயர் இழுத்து
பிளக் பலகை ஒன்றை வெளியே தொங்கவிட்டார்.
அட்டையில் எழுதினார்:
'செல்போன் சார்ஜ். காசு வேண்டாம்.'
ஆறு மணிக்குக் கரண்ட் போனது.
தறிகள் நின்ற தெருவில்
யாரோ இருமுவது நாலு வீடு கேட்டது.

வந்தாய்ங்க.
போனைச் செருகிவிட்டுப் போக முடியாது,
களவு போய்விடும்.
அதனால் உட்கார்ந்தாய்ங்க.

'எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?'
என்று தொடங்கத்தான் எனக்குக் கற்பித்தார்கள்.
நான் 'எத்தனை சதவீதம்?' என்றேன்.
'மூணு' என்றாள் யோகலட்சுமி.
போனையா, தன்னையா,
கேட்கவில்லை.
பதினெட்டில் வாய் திறந்தாள்:
'தறி நின்னாலும் தலைக்குள்ள ஓடுதுக்கா.
சுவிட்சு எங்கன்னு தெரியல.'
இருபத்தாறில் அழுதாள்.
முப்பதில் அம்மா கூப்பிட
போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்,
சார்ஜரை விட்டுவிட்டு.

என் படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம்.
ஆராதனா அதைத் திருப்பி வைத்தாள்.
'பேரை மொதல்ல கேளு.'
கேட்டேன்.
'சொந்த ஊர்' என்ற இடத்தில்
ஆனையூர் முகாம் கஜீபன் மன்னார் என்று எழுதி,
அடித்து, ஆனையூர் என்று எழுதி,
அதையும் அடித்து,
பேனாவைத் திருப்பித் தந்தான்.
சபுராவுக்குக் காது கேட்காது.
அவள் பேசுவதெல்லாம் போனில் தட்டச்சில்தான்.
போன் பலகையில் தொங்க,
என் வருகைப் பதிவேட்டை இழுத்து எழுதினாள்:
'என் வாய் இப்போ சார்ஜ்ல இருக்கு. பொறுங்க.'

அடுத்த வாரம் முச்சக்கர சைக்கிளைக்
கையால் சுழற்றி வந்து நின்றான் ஒச்சுராஜா.
கதவைச் சத்தமாக வாசித்தான்:
'எல்லோருக்கும் இடம் உண்டு.'
பிறகு வண்டியின் படியைப் பார்த்தான்.
ஒன்றரை அடி.
'அப்ப நான் யாருக்கா?'

பதில் சொல்லும் படிப்பு எதுவும் என்னிடம் இல்லை.
சிக்கந்தர் பாயை எடுத்துத் தார் ரோட்டில் விரித்தார்.
ஃபைல், ஃபேன், ஸ்டூல்,
ரகசியம் பேச என்று தைத்த பச்சைத் திரை
எல்லாம் உள்ளேயே கிடந்தன.
அன்றிலிருந்து நாங்கள் வண்டிக்குள் ஏறவில்லை.
ரகசியம் சொல்ல வேண்டியவர்கள்
தள்ளிப் போய்க் கண்மாய்க் கரையில் சொன்னார்கள்;
போனுக்கு சபுரா காவல்.

மாதக் கடைசியில் ஆபீஸ் கேட்டது:
பயனாளிகள் எத்தனை?
முப்பத்தொரு போன் என்று எழுதி அனுப்பினேன்.
திட்டு விழுந்தது.

யோகலட்சுமி மூன்று வாரமாக வரவில்லை.
அவள் சார்ஜர் பலகையில் அப்படியே,
வயரில் சுற்றிய சிவப்பு நூலோடு.
எவரும் அந்தக் குழியைக் கேட்கவில்லை,
கூட்டமான அன்றும்.

வீடு தெரியும் என்றான் ஒச்சுராஜா.
நான் செருப்பை மாட்டினேன்.
'நீங்க வந்தா தெருவே எட்டிப் பாக்கும்க்கா.
வண்டி அந்தச் சந்துக்குள்ள நுழையவே நுழையாது.
எஞ்சைக்கிள் போகும்.'

நாற்பத்தொன்றில் இருந்த தன் போனை உருவினான்.
சிவப்பு நூல் சார்ஜரைச் சுருட்டி
மடியில் வைத்துக்கொண்டான்.
கைப்பிடி ஒருமுறை கிறீச்சிட்டது.
கரண்ட் வந்துவிட்டது,
தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின;
அவன் திரும்பி ஏதோ சொன்னான்,
எனக்குக் கேட்கவில்லை.
சபுரா அவன் உதட்டைப் படித்துப்
பதிவேட்டில் எழுதிக் காட்டினாள்:
'பலகையைக் கழட்டிராதீங்க.'