இரண்டரை அங்குலம்

நாலுக்கு மூன்று என்று கவுன்சில் வாக்களித்த
மறுமாதம் வந்து இறங்கின ஆறு பெட்டிகள்.
நகராட்சிக் கிடங்கில்,
பனிக்காலச் சாலைக்கென்று கொட்டிவைத்த உப்பு மலையோரம்
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டோம்.
என் ரைஃபிளின் கடைசி மூன்று இலக்கம்
விவாகரத்துக்கு முன் நான் குடியிருந்த வீட்டின் கதவெண்.
யாரிடமும் சொல்லவில்லை.

ரோந்துக் காரில் இரண்டு இருக்கைக்கும் நடுவே
காபிக் கோப்பை இருந்த இடத்தில் புதுப் பூட்டு.
திறக்க ஒரு பொத்தான்,
எங்கே என்று எழுதக்கூடாது.

நவம்பர். நெப்ராஸ்கா.
கைவிட்ட ஜல்லிக்குவாரியில் காற்று
எல்லாரையும் ஒரே பக்கமாகச் சாய்க்கிறது.
பயிற்சி தருகிறவன் ஓஸ்ட்ராண்டர், வயது இருபத்தொன்பது.
எனக்கு ஐம்பத்தொன்று.
'மேடம்' என்று கூப்பிட்டுவிட்டு
ஒவ்வொரு முறையும் அதற்காக வருத்தப்படுகிறான்.

"கண் போகிற கோடு வேறு, குழல் போகிற கோடு வேறு.
கண்ணாடி மேலே இருக்கிறது, குழல் கீழே.
நடுவில் இரண்டரை அங்குலம்.
ஐம்பது கஜத்தில் இரண்டும் சந்தித்துவிடும்.
கிட்டத்தில் சந்திக்காது.
தூரத்து ஆளைச் சரியாகச் சுட்டுவிடுவீர்கள்,
கிட்ட இருப்பவர்தான் சிக்கல்."
எதையோ சொல்லிவிட்டோம் என்று தெரியாமலே
மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

வெர்ன் கூச்சாரிக் சிரித்தான்.
அவன் தோட்டாவின் வெற்றுக்கூடு
என் காலருக்குள் விழுந்து சுட்டது.
இன்னும் இருக்கிறது,
அரிசி அளவுக்கு ஒரு தழும்பு.

ஏழு கஜத்தில் ஒரு புகைப்படம்:
பச்சைத் துண்டு கழுத்தில் சுற்றிய பெண்,
அவளை மறைப்பாக்கிக்கொண்ட ஒருவன்.
அவன் முகத்தில் பாதிதான் எங்களுக்கு.
சிவப்புப் புள்ளியை அவன் கண்ணில் வைத்தேன்.
மூச்சை விட்டேன். விசை.
ஓட்டை
அவள் காதுக்குக் கீழே.

ஓஸ்ட்ராண்டர் திட்டவில்லை.
வட்டமான ஒட்டுத்தாள் ஒன்றைத் தந்தான்.
ஒட்டினேன். கட்டைவிரலால் தேய்த்தும் விட்டேன்,
காகிதம்தான் என்று தெரிந்தும்.

அறுபதில் ஐம்பத்துநாலு. தேர்ச்சி.
மற்ற ஆறும் எங்கே போயின என்று
படிவம் கேட்கவில்லை.

ஜனவரியில் ஒருநாள், இரவு இரண்டே முக்கால்,
மாட்டுத்தீவன லாரி ஒரு பெண்மானை அடித்துவிட்டது.
ஓட்டுநர் ப்ரோஹாஸ்கா தொப்பியைக் கழற்றிக்கொண்டு
அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.
முன்னங்கால் இரண்டும் எழுந்தன,
பின்னால் எதுவும் எழவில்லை.
கைத்துப்பாக்கியே போதும். ஆனால்
விரல் அதற்குள் பொத்தானைத் தேடிப் போயிருந்தது.

மூன்று கஜம்.
பட வேண்டிய இடத்தைப் பார்க்காமல்
இரண்டரை அங்குலம் மேலே பார்த்தேன்.
ஒன்றே ஒன்று.
பனி சத்தத்தை உடனே வாங்கிக்கொண்டது.

சுட்ட தோட்டாக்கள்: 1.
இலக்கில் பட்டதா: ஆம்.
உயிருக்கு மிரட்டல் இருந்ததா:
ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு
இல்லை என்று எழுதினேன்.
லாரி போன பிறகும் அந்தத் தொப்பி சாலையில் கிடந்தது,
அதை எழுத இடமில்லை.

அதே வாரம், மளிகைக்கடைத் திருப்பத்தில்
பின்விளக்கு எரியாத ஒரு கார்.
கண்ணாடியை இறக்கினாள். என் வயதுதான்.
பின்சீட்டில் கிழிந்த பையிலிருந்து
உருளைக்கிழங்கு உருண்டு கிடந்தது.
பக்கக் கண்ணாடியில் என் காரையும்
இருக்கை நடுவே நிற்கிற அதையும்
பார்த்துவிட்டாள்.
நான் கேட்காமலே இரண்டு கையும்
ஸ்டியரிங் மேல் வந்து உட்கார்ந்தன.

"ஒரு விளக்குதான், வேறொன்றுமில்லை" என்றேன்.
தலையாட்டினாள்.
அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லத்தான் நினைத்தேன்.
பார்வை கொஞ்சம் மேலே,
நெற்றியில், முடி தொடங்குகிற இடத்தில்
போய் நின்றது.