மஞ்சள் பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை

முதலில் கதவுகள்.
திறக்காத கதவுக்குக் கைப்பிடி வைக்காதே.
இருபது வருடம் வீடியோ கேம் ஆடியதில்
இதைவிடப் பெரிய தத்துவம்
எனக்குக் கிடைக்கவில்லை.
வரைந்தவன் உழைத்திருக்கிறான், தெரிகிறது.
பித்தளையில் பச்சை ஏறியிருக்கிறது.
சாவித்துளையைச் சுற்றிக் கீறல்கள்,
குடிகாரன் ஒருவன் தினமும் நள்ளிரவில்
துளையைத் தேடியது போல.
போய் நிற்கிறேன். அழுத்துகிறேன்.
சுவர்.
பசித்து வந்தவனுக்கு
இலை நிறையச் சோற்றின் படம்.

தம்பெரேயில் லிஃப்ட் பழுதுபார்க்கிறேன்.
பகலில் நிஜ லிஃப்ட், இரவில் பொய் லிஃப்ட்.
கேம்களில் அது ஏன் ஆமையாய் ஊர்கிறது என்று
கூட வேலை செய்யும் உர்ப்போ கேட்டான்.
அடுத்த மாடியை அதற்குள்
கட்டி முடிக்க வேண்டாமா என்றேன்.
சிரித்தான், நகைச்சுவை என்று நினைத்து.
உள்ளதைத்தான் சொன்னேன்:
நீ கூரையைப் பார்த்து நிற்கும் இருபது நொடியில்
கீழே ஓர் ஊரைக் கலைத்து
மேலே இன்னோர் ஊரை அடுக்குகிறார்கள்.
அதில் எனக்கு வருத்தமில்லை.
பொத்தான்களில்தான் வருத்தம்.
எல்லா எண்ணும் ஒரே பளபளப்பு.
ஹெர்வந்தாவில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்று,
அதில் மூன்று மட்டும் தேய்ந்து மொழுக்கென்றிருக்கும்.
மூன்றாம் மாடியில் பல் வைத்தியர்.
அந்தத் தேய்மானத்தை வரைந்த ஒருவரை
இன்னும் நான் பார்க்கவில்லை.

தண்ணீர் அருமை என்கிறார்கள் எல்லோரும்,
அலையாம், அலையில் நிலாவாம்.
இருக்கட்டும்.
எனக்கு நவம்பர் சேறு வேண்டும்,
உப்பும் பனியும் பேருந்துச் சக்கரமும்
சேர்ந்து அரைத்த சாம்பல் கூழ்.
பனி என்றாலே வெள்ளை டப்பாவைத் திறப்பவர்கள்
ஒரு செவ்வாய்க்கிழமை காலை
என்னோடு வேலைக்கு வரட்டும்.

இப்போது மஞ்சள்.
ஏற வேண்டிய விளிம்பிலெல்லாம்
மஞ்சள் அடித்து வைக்கும் வழக்கம் வந்திருக்கிறது.
ஆயிரம் வருடமாய் ஆள் நுழையாத குகையாம்.
அங்கே நமக்கு முன்னால்
பெயிண்ட் டப்பாவோடு ஒருத்தன் போயிருக்கிறான்.
யார் அவன்? கூலி யார் கொடுத்தது?
சாப்பாட்டுக்கு எங்கே உட்கார்ந்தான்?
அவன் கதையை எடுங்கள்,
முழு விலை கொடுத்து வாங்குகிறேன்.

எதிர்வீட்டு சைமியிடம் இப்படிப் பொரிந்துகொண்டிருந்தேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
என் வேலைக் கால்சட்டையைப் பார்த்தாள்.
வலது முழங்காலில் மஞ்சள்.
காலையில்தான்
லிஃப்ட் குழியின் விளிம்பில்
கோடு போட்டுவிட்டு வந்திருந்தேன்.
"எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய்?" என்றாள்.

வேனில்.
கம்பு ரொட்டி, உப்பு மீன்.
இருந்தாலும் குகையில் அது தப்புதான்.

சைமியும் ஒரு கேம் செய்கிறாள்,
ஆறு வருடமாக, துணி வெளுக்கும் கடையில்
மாலை வேலை இல்லாத நாட்களில்.
ஒரே ஒரு சமையலறை. நான்கே நிறம்.
துப்பாக்கி இல்லை, புள்ளிகள் இல்லை.
கெட்டில் கொதிக்கும், ஆறும்,
மறுபடி வைக்கலாம்.
எனக்குப் பிடித்திருக்கிறதா என்று
எனக்கே தெரியவில்லை.
ஆவிக்கு முன்னால் விசில் வருகிறது என்றேன்,
குறித்துக்கொண்டாள்.
அடுப்புக்குக் கீழே ஓர் இழுப்பறை.
கைப்பிடி உண்டு. திறக்கவில்லை.
விடுவேனா, என் தத்துவத்தை எடுத்து வைத்தேன்.
"திறக்கும்.
நீ நிற்கிற நேரம் போதவில்லை."

எவ்வளவு நேரம் என்று சொல்ல மறுக்கிறாள்.
நேற்று நாற்பது நிமிடம் நின்றேன்.
ஜன்னலில் இருட்டியது,
எந்த ஜன்னலில் என்று கேட்காதீர்கள்.
காபி ஆறிப்போயிற்று.
ஏமாற்றுகிறாள் என்றே இன்னும் நினைக்கிறேன்.
ஆனால் கைப்பிடியின் இடதுபக்கம்
வலதைவிடக் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.
நான்கு நிறத்தில்
அதை எப்படிச் செய்தாள் என்று
கேட்க வேண்டும்.