பதிவின் அடிப்படை

மபூட்டோவில், துறைமுகம் பார்த்த மூன்றாம் மாடியில்
நாட்டின் உயிர்களையெல்லாம்
ஒரே அட்டவணைக்குள் குடியேற்றும் வேலை எங்களுக்கு.

அருங்காட்சியகத்திலிருந்து செருப்புப் பெட்டிகளில் அட்டைகள் வந்தன.
வேளாண் நிலையத்திலிருந்து, கரையான் தின்றது போக மிச்சம்.
மீன்வளத் துறை மூன்று கடிதங்களுக்குப் பிறகு
கடவுச்சொல் மறந்துபோன குறுந்தகடு ஒன்றை அனுப்பியது.

ஒரே வௌவாலுக்கு நான்கு பெயர்.
ஒரே ஊருக்கு மூன்று:
போர்த்துகீசியர் வைத்தது, விடுதலை மாற்றியது,
அங்கே இருப்பவர்கள் கூப்பிடுவது.
'மிஷன் கிணற்றிலிருந்து வடக்கே அரைநாள் நடை,
பெரிய பாவோபாப் வரை'
என்றது ஒரு சீட்டு. ஆண்டு 1938.
யாருடைய அரைநாள்?
பெட்டி சுமந்தவனுடையதா,
சுமக்கவிட்டுக் கைவீசி நடந்தவனுடையதா?
ஜெர்வாசியோ பெருமூச்சு விட்டு ஒரு புள்ளி வைத்தான்.
பிழை வட்டம்: பதினைந்து கிலோமீட்டர்.

மே மாதக் கடைசியில் எல்லாம் ஒன்று சேர்ந்தன.
பொத்தானை அழுத்தினேன்.
திரையில் கோடு ஏறி வந்து
எழுபத்தேழில் விழுந்தது.
பதினாறு ஆண்டு தரையோடு தரையாய்க் கிடந்து
தொண்ணூற்று மூன்றில் எழுந்தது.
பார்க்கிறவன் என்ன நினைப்பான்?
செரிங்கோமாவின் பறவைகள் அத்தனையும்
சொல்லிவைத்தாற்போல் செத்து,
ஒப்பந்தம் கையெழுத்தானதும்
உயிர்த்து வந்தன என்றா?

போர்.
நோட்டும் பென்சிலுமாய்க் காட்டுக்குள் போக ஆளில்லை,
அவ்வளவுதான்.
ஆனால் கணினிக்கு
'இல்லை' என்பதும் 'போய்ப் பார்க்கவில்லை' என்பதும்
ஒரே வெற்றுக் கட்டம்.

இரவில் தரை துடைக்க வரும் டோனா டெல்ஃபினா சைஸே
துடைப்பத்தை வாளியில் நிறுத்திவிட்டு
"இந்த வெள்ளை இடம் எது?" என்றாள்.
சொன்னேன்.
"அங்கேதானே இருந்தோம்."

எண்பத்து நாலு. வீடுகள் எரிந்த பிறகு
சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்கில்
இரண்டு மழைக்காலம்.
பகலில் அடுப்பு மூட்டக் கூடாது, புகை காட்டிக்கொடுக்கும்.
"காங்கா உண்டு, தலையில் மயிர் சுருண்டிருக்குமே, அது.
கண்ணி வைத்துப் பிடிப்போம்.
நாணல் எலி. உதிர்ந்த அத்தி.
பல்லி வேண்டாம் என்று என் தம்பி முகம் திருப்பினான்.
அடுத்த மாதம் கேட்டு வாங்கித் தின்றான்."

படிவத்தைத் திறந்தேன்.
இனம்: கொண்டைக் கினிக்கோழி.
பிழை வட்டம்: ஒரு பள்ளத்தாக்கின் நீளம்.
பதிவின் அடிப்படை:
மாதிரி, படம், பார்த்தது, கேட்டது.
நான்கே தேர்வு.
"கேட்டது என்று போடவா?"
"கேட்டால் வயிறு நிறையுமா?"

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில்
லிஸ்பனிலிருந்து திரையில் தெரிந்த ஆலோசகர்
உலகத் தரநிலையில் அப்படியொரு சொல் கிடையாது என்றார்,
நல்ல மனிதர்தான், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே.
ஜெர்வாசியோ இருமினான்:
"அருங்காட்சியகத்தில் மான் எலும்பு நானூறு இருக்கிறது.
சுட்ட துரைமார் கறியை என்ன செய்தார்களாம்?"
சிரிப்பு. பிறகு வாக்கெடுப்பு.
நான்குக்கு மூன்று.
ஐந்தாவது தேர்வு: உண்டது.

அன்றிரவு அவளை உட்கார வைத்தேன்.
பதிந்தவர் பெயர்?
"தம்பி பெயரைப் போடு. பிடித்தவன் அவன்தான்.
இனாசியோ."
தொடர்பு முகவரி?
வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டாயக் கட்டம் அது.
நிரப்பாமல் அடுத்த பக்கம் விடாது.
நிரலுக்குள் போய்
அந்த நட்சத்திரத்தை எடுத்தேன்.

திரையில், எண்பத்து நாலில்,
கோடு ஒரு மயிரளவு தரைவிட்டு எழும்பியது.

"சரி," என்றாள், துடைப்பத்தைப் பிழிந்தபடி.
"எலியை எப்போது எழுதப்போகிறாய்?"